தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரி ஆவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

1994-ஆம் ஆண்டில் விளாதிமிர் லெவின் என்ற ரஷ்யரும் அவருடைய கூட்டாளிகளும் சிட்டி வங்கியின் பணப் பரிமாற்ற அமைப்புக்குள் நுழைந்து, ஏறத்தாழ ஒரு கோடி டாலரைப் பல நாடுகளில் இருந்த கணக்குகளுக்கு மாற்றினர். பெரும்பகுதி மீட்கப்பட்டது. ஆனாலும் பணத்தைவிட நம்பிக்கையே பெரிய இழப்பு என்பதை உணர்ந்த அந்நிறுவனம், 1995-இல் ஸ்டீவ் காட்ஸ் என்பவரைத் தகவல் பாதுகாப்புக்கென்றே ஓர் உயர் அதிகாரியாக நியமித்தது. உலகின் முதல் சிஸோ, அதாவது தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரி, என்று இன்று அவரையே குறிப்பிடுகிறார்கள். அன்று தொடங்கிய அந்தப் பதவி இப்போது அநேகமாக எல்லாப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களிலும் இருக்கிறது.

அந்த நாற்காலியை நோக்கி நடக்க விரும்புபவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பொதுவாக இந்தப் பயணம் 12 முதல் 20 ஆண்டுகள் வரை நீளும். அதற்குள் இறங்கும் முன், பதவியின் உள்ளடக்கம் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லாத் தாக்குதல்களையும் தடுத்து நிறுத்துபவரே சிஸோ என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி ஒருவராலும் செய்ய முடியாது. நிறுவனம் எந்தெந்த இடர்களைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பதை, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்களிடம் உரிய நேரத்தில், அவர்களுக்குப் புரியும் சொற்களில், எதையும் மறைக்காமல் எடுத்துச் சொல்லி, அவர்களை ஒரு முடிவுக்கு வரச் செய்து, அந்த முடிவைப் பதிவு செய்து, பிறகு அதை நிறைவேற்றிக் காட்டுவதே சிஸோவின் வேலை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தத் திறனுக்கான பயிற்சிதான்.

முதல் படி: அமைப்புகள் எப்படி இயங்குகின்றன, எப்படி உடைகின்றன

முதல் ஐந்தாறு ஆண்டுகளில் பதவியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டிசிபி/ஐபி, டிஎன்எஸ், டிஎல்எஸ் ஆகிய இணைய நெறிமுறைகள் வேலை செய்யும் விதம், லினக்ஸிலும் விண்டோஸிலும் அனுமதிகள் தீர்மானிக்கப்படும் முறை, நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு சாதாரணக் கணக்கு நிர்வாகிக் கணக்காக உயரும் வழிகள், கிளவுட் சேவைகளில் யாருக்கு எந்த அனுமதி என்பதை நிர்ணயிக்கும் கொள்கைகள் ஆகியவற்றைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பைத்தான் போன்ற ஒரு மொழியில், பிறர் எழுதிய நிரலைப் படித்துக் குறை கண்டுபிடிக்கும் அளவுக்காவது தேர்ச்சி வேண்டும்.

உள்ளே நுழைய வழிகள் பல. பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் ஆய்வாளராகச் சேரலாம். நெட்வொர்க் அல்லது சர்வர் நிர்வாகத்திலிருந்து வரலாம். அனுமதியோடு அமைப்புகளைத் தாக்கிப் பார்த்துப் பலவீனங்களைக் கண்டறியும் ஊடுருவல் சோதனையில் தொடங்கலாம். ஆடிட் துறையிலிருந்தும் பலர் வந்திருக்கிறார்கள். தொழில்நுட்ப நிறுவனத்தைக் குறிவைப்பவர்களுக்கு என் பரிந்துரை, மென்பொருள் எழுதுபவராகச் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் பாதுகாப்புக்கு வருவது. வங்கியில் பாதுகாப்பு என்பது தொழிலைச் சூழ்ந்து நிற்கும் ஒரு வேலை. மென்பொருள் நிறுவனத்திலோ விற்கப்படும் பொருளுக்குள்ளேயே அது இருக்கிறது. நிரல் எழுதி, அதைச் சோதித்து, வெளியீட்டு நாளின் நெருக்கடியை அனுபவித்த ஒருவர் பேசும்போது பொறியாளர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இந்தக் கட்டத்தில் கற்க வேண்டிய பழக்கம் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நள்ளிரவில் ஓர் அலர்ட் வருகிறது. ஒரு பொறியாளரின் கணக்கிலிருந்து, அவர் இதுவரை பயன்படுத்தியிராத நாட்டு ஐபி முகவரி வழியாக, மூலநிரல் களஞ்சியம் ஒன்று முழுமையாகப் பதிவிறக்கப்பட்டிருக்கிறது. அனுபவம் குறைந்த ஆய்வாளர் “பயணத்தில் இருக்கக்கூடும்” என்று எழுதி அலர்ட்டை மூடிவிடுவார். தேர்ந்தவர் முதலில் லாக்குகளை, அதாவது அமைப்பின் செயல் பதிவுகளை, திறப்பார்: அந்த உள்நுழைவில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு புதிதாக நடந்ததா, அல்லது ஏற்கெனவே திறந்திருந்த அமர்வு வேறு இடத்தில் பயன்படுத்தப்பட்டதா? அந்தச் சாதனம் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா? அந்தக் களஞ்சியம் அவர் வழக்கமாகத் தொடுவதுதானா? பிறகு அவரைத் தொலைபேசியில் அழைப்பார். கணக்கு திருடப்பட்டிருந்தால் உள் அரட்டையில் பதில் சொல்பவர் திருடனாகவே இருக்கலாம் என்பதால் அங்கே கேட்கமாட்டார். கடைசியாக நான்கு வரிகள் எழுதுவார்: தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, இதுவரை செய்தது என்ன, அடுத்த ஒரு மணி நேரத்தில் செய்யப்போவது என்ன. பல ஆண்டுகள் கழித்து இயக்குநர் குழுவின் முன் நிற்கும்போதும் இதே நான்கு வரிகளைத்தான் நீங்கள் சொல்லப்போகிறீர்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் துணிவு இந்த வயதிலேயே வந்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: ஓரிடத்தில் ஆழம், பக்கத்து இடங்களில் பழக்கம்

ஏதேனும் ஒரு துறையில், நிறுவனத்துக்குள் யாரும் சந்தேகம் வந்தால் உங்களைத் தேடி வரும் அளவுக்கு ஆழமாகப் போங்கள். சம்பவக் கையாளல், மென்பொருள் பாதுகாப்பு, அடையாள மேலாண்மை, கிளவுட் பாதுகாப்பு ஆகியவற்றில் எதுவாகவும் அது இருக்கலாம். பிறகு பக்கத்துத் துறைகளில் ஓரிரு ஆண்டுகள் வீதம் வேலை செய்யுங்கள். தாக்கும் பக்கத்தில் மட்டுமே இருந்தவர்களுக்கு ஒரு பலவீனத்தைச் சரிசெய்வது எவ்வளவு கடினம் என்பது தெரிவதில்லை. கொள்கை ஆவணங்களை மட்டுமே எழுதியவர்களுக்கு அவை நடைமுறையில் எங்கே மீறப்படும் என்பது தெரிவதில்லை.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தகவல் பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வு எட்டுப் பாடப்பிரிவுகளை உள்ளடக்கியது. சான்றிதழ் பெற, அவற்றில் குறைந்தது இரண்டில் மொத்தம் ஐந்து ஆண்டு வேலை அனுபவம் தேவை. நிர்வாகப் பக்கம் நகர்பவர்களுக்கு ஐசாகா என்ற தொழில்முறை அமைப்பின், பாதுகாப்பு மேலாளர்களுக்கான சி.ஐ.எஸ்.எம். பொருத்தமானது. இவை விண்ணப்பத்தை முதல் வடிகட்டலில் தாண்டவைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மூன்றாவது, நான்காவது சான்றிதழுக்குச் செலவிடும் நேரத்தை நிதிநிலை அறிக்கை படிக்கக் கற்பதற்குச் செலவிடுவது மேல்.

மூன்றாம் படி: ஆட்களைப் பொறுப்பேற்பது

ஒரு சிறு குழுவின் தலைவராகும்போது உங்களுடைய தொழில்நுட்பத் திறன் முதன்முறையாக இரண்டாம் இடத்துக்குப் போகிறது. பல திறமைசாலிகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். குழுவில் ஒருவர் செய்ய வேண்டியதைத் தாமே உட்கார்ந்து முடித்துவிடுகிறார்கள், குழு வளர்வதில்லை.

பாதுகாப்புக் குழுக்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இரவு முறைப்பணி, ஓயாத அலர்ட்டுகள், தவறு நடந்தால் மட்டும் நினைவுகூரப்படும் உழைப்பு ஆகியவை சேர்ந்து ஆட்களைச் சோர்வடையச் செய்கின்றன. பொய்யான அலர்ட்டுகளைக் குறைப்பதை மனிதநேயப் பிரச்சினையாகவே பாருங்கள். ஒருவர் ஒரு முறைப்பணியில் எத்தனை அலர்ட்டுகளைத் தீவிரமாக ஆராய முடியும் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் வருபவற்றின் விதிகளைத் திருத்தவோ நீக்கவோ செய்யுங்கள். 2013-இல் டார்கெட் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய நான்கு கோடி கடன், பற்று அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டபோது, அதன் பாதுகாப்புக் கருவிகள் எச்சரிக்கை கொடுத்தன என்றும் அவற்றின்மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்றும் பின்னர் தெரியவந்தது. கருவி கூப்பிட்டும் யாரும் திரும்பிப் பார்க்காத நிலை, பெரும்பாலும் அது தேவையில்லாமல் பல முறை கூப்பிட்டதன் விளைவாகவே உருவாகிறது.

நான்காம் படி: இடரை எழுதக் கற்பது

இந்தப் பயணத்தில் அதிகம் புறக்கணிக்கப்படும் படி இதுவே. மேலாளரையும் தலைமை அதிகாரியையும் பிரிக்கும் கோடும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் இடர்ப் பதிவேட்டில் வழக்கமாகக் காணப்படும் ஒரு பதிவு இப்படி இருக்கும்: “பழைய சர்வர்கள். தாக்குதல் வாய்ப்பு: அதிகம். பாதிப்பு: அதிகம். நிலை: சிவப்பு.” இதைப் படிக்கும் நிதித் தலைவர் என்ன செய்ய முடியும்? பக்கத்தில் இன்னும் பதினெட்டுச் சிவப்புகள் இருக்கின்றன. அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: “வாடிக்கையாளர்களின் கட்டணத்தைக் கையாளும் மூன்று சர்வர்களுக்கு இனிப் பேட்ச் (பிழைதிருத்தம்) கிடைக்காது. அவை இணையத்திலிருந்து நேரடியாக அணுகக்கூடிய நிலையில் உள்ளன. அவற்றின் வழியாக ஊடுருவல் நடந்தால், கட்டணச் சேவை மூன்று முதல் ஐந்து நாட்கள் நிற்கும் என்று மதிப்பிடுகிறோம். ஒரு நாள் நிற்பதால் ஏற்படும் வருவாய் இழப்பை நிதித்துறை கணக்கிட்டு இணைத்துள்ளது. வழிகள் மூன்று: இந்தக் காலாண்டில் புதிய தளத்துக்கு மாற்றுவது (அதனால் ஒரு புதிய அம்சம் ஆறு வாரம் தள்ளிப்போகும்), சர்வர்களைத் தனி வலையமைப்புக்குள் அடைத்து இடரைக் குறைப்பது, இப்படியே ஏற்றுக்கொள்வது. இரண்டாவதைச் செய்துவிட்டு அடுத்த காலாண்டில் முதலாவதைத் தொடங்கப் பரிந்துரைக்கிறோம். முடிவெடுக்க வேண்டியவர்: கட்டணப் பிரிவின் தலைவர். முடிவு தேவைப்படும் நாள்: இந்த மாத இறுதி.”

இரண்டாவது பதிவில் பயமுறுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதைப் படித்த பிறகு முடிவெடுக்காமல் நகர முடியாது. முடிவெடுக்க வேண்டியவர் என்று சிஸோவின் பெயர் அதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். அந்தச் சர்வர்களால் பயனடையும் பிரிவின் தலைவரே அந்த இடரின் உரிமையாளர். சிஸோ அளந்து சொல்கிறார், வழிகளைத் தருகிறார், பரிந்துரைக்கிறார். எல்லா இடருக்கும் தாமே உரிமையாளர் என்று ஒப்புக்கொண்டுவிட்ட பாதுகாப்புத் தலைவர், பணமும் அதிகாரமும் வேறொருவரிடம் இருக்க, பழியை மட்டும் தாம் சுமப்பார்.

எண்களோடு எழுத, ஃபேர் என்ற அளவீட்டு முறையைக் கற்றுக்கொள்வது உதவும். ஓர் இழப்பு நிகழ்வு எவ்வளவு அடிக்கடி நடக்கக்கூடும், நடந்தால் எவ்வளவு செலவாகும் என்பவற்றை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்ற வீச்சாகச் சொல்ல அது பழக்குகிறது. ஒட்டுமொத்தப் பார்வைக்கு, அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட சைபர் பாதுகாப்புச் சட்டகம் நல்ல வரைபடம். அதன் 2024 பிப்ரவரிப் பதிப்பில், இனங்காணல், பாதுகாத்தல், கண்டறிதல், எதிர்வினை, மீட்பு ஆகிய பழைய ஐந்து செயற்பாடுகளுடன் ஆளுகை என்ற ஆறாவது ஒன்று சேர்க்கப்பட்டது. யார் முடிவெடுக்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள் என்ற கேள்வியைத் தொழில்நுட்பக் கேள்விகளோடு சமமாக வைத்த அந்தச் சேர்க்கை மிகச் சரியானது என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: பெரிய சம்பவம் ஒன்றில் பொறுப்போடு நிற்பது

பெரிய ஊடுருவல் ஒன்றைக் கையாண்ட அனுபவத்துக்கு மாற்று இல்லை. வாய்ப்பு வராதவர்கள், நடந்துபோன சம்பவங்களின் விசாரணை அறிக்கைகளை வரிவரியாகப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கத்தக்கவற்றில் முதன்மையானது 2017-இல் ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் மதிப்பீட்டு நிறுவனத்தில் நடந்தது.

அந்த ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் இணையச் செயலிகளை உருவாக்கப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் ஒரு பெரிய பலவீனம் அறிவிக்கப்பட்டு, பேட்சும் வெளியானது. ஈக்விஃபாக்ஸுக்குள் எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. ஆனால் பெறுநர் பட்டியல் பழையதாக இருந்ததால், பேட்சை நிறுவ வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் 76 நாட்கள் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தார்கள். வெளியே செல்லும் மறையாக்கப்பட்ட தரவுப் போக்குவரத்தைச் சோதிக்கும் கருவி இருந்தது. அதன் டிஜிட்டல் சான்றிதழோ பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்ததால், கருவி எதையும் பார்க்காமலேயே எல்லாவற்றையும் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தவுடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. அதற்குள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தகவல்கள் போய்விட்டிருந்தன.

இந்தக் கதையில் பேட்ச் தவறியது மேலோட்டமான காரணம். அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை அதற்குக் கீழே இருந்த அமைப்புச் சிக்கலைச் சுட்டிக்காட்டியது: பாதுகாப்புத் தலைவர் சட்டத்துறைத் தலைவரின் கீழும், தகவல் தொழில்நுட்பத் துறை தனியாக வேறொருவரின் கீழும் இருந்ததால், கொள்கை வகுப்பவர்களுக்கும் அதைச் செயல்படுத்துபவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. எனவே ஒரு சம்பவத்தை ஆராயும்போது, எந்தக் கதவு திறந்திருந்தது என்பதோடு நின்றுவிடாமல், அதை மூடும் பொறுப்பு யார் கையில் இருந்தது, அவருக்கு அது தெரியுமா, தெரிந்திருந்தால் மூட அவருக்கு நேரமும் அதிகாரமும் இருந்தனவா என்று கேட்டுக்கொண்டே கீழிறங்க வேண்டும்.

மீட்பைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஜூன் மாதம் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்குதலில் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகள் உலகெங்கும் முடங்கின. பத்து நாட்களில் சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் அவர்கள் மீண்டும் நிறுவினார்கள். அதன் கணக்குகளையும் அனுமதிகளையும் தாங்கிய டொமைன் கன்ட்ரோலர்களில் ஒன்றே ஒன்று, கானாவில் மின்தடையால் இணைப்பற்றுக் கிடந்ததால், தப்பியிருந்தது. அதுவும் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை ஒவ்வொரு பாதுகாப்புத் தலைவரும் தம் நிறுவனத்தை வைத்துக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். நகல் எடுத்து வைத்திருக்கிறோம் என்பது போதாது. அந்த நகலிலிருந்து எவ்வளவு நேரத்தில் எழுந்து நிற்க முடியும் என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது உண்மையாகவே செய்து பார்த்திருக்க வேண்டும். அதேபோல, தலைமை நிர்வாகியும் சட்டத்துறையும் ஊடகத் தொடர்புப் பிரிவும் ஒரே மேசையில் அமர்ந்து கற்பனைச் சம்பவம் ஒன்றைப் படிப்படியாகக் கையாளும் ஒத்திகைகளையும் நடத்துங்கள்.

ஆறாம் படி: சட்டத்தை அறிவது, உண்மையை விடாதிருப்பது

2016-இல் ஊபர் நிறுவனத்தில் சுமார் 5.7 கோடிப் பயனர்கள் மற்றும் ஓட்டுநர்களின் தகவல்கள் திருடப்பட்டன. திருடியவர்களுக்கு 1,00,000 டாலர், பிழை கண்டுபிடிப்பவர்களுக்கான பரிசுத் திட்டத்தின் வழியாகக் கொடுக்கப்பட்டது. தரவு எதுவும் எடுக்கப்படவில்லை என்று பொய்யாகக் கூறும் ஒப்பந்தத்தில் அவர்களிடம் கையெழுத்து பெறப்பட்டது. முந்தைய ஊடுருவல் ஒன்றைப் பற்றி அமெரிக்க வர்த்தக ஆணையம் அதே நிறுவனத்தை அப்போது விசாரித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்புத் தலைவராக இருந்த ஜோ சல்லிவன் 2022 அக்டோபரில், விசாரணைக்கு இடையூறு செய்ததற்காகவும் குற்றத்தை மறைத்ததற்காகவும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 2023-இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. அவர் இந்தத் துறைக்கு வருவதற்கு முன் சைபர் குற்றங்களை விசாரித்த அரசு வழக்கறிஞர். சட்ட அறிவு மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் விற்கும் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் வழக்கு வேறு வகை. 2020-இல் வெளிப்பட்ட அந்தத் தாக்குதலில், நிறுவனத்தின் மென்பொருள் தயாரிப்புப் பாதைக்குள்ளேயே தீநிரல் நுழைக்கப்பட்டு, சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அந்தப் புதுப்பிப்பைப் பெற்றிருக்கக்கூடும் என்று நிறுவனமே தெரிவித்தது. 2023 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நிறுவனத்தின் மீது மட்டுமன்றி அதன் பாதுகாப்புத் தலைவர் மீதும் தனிப்பட்ட முறையில் வழக்குத் தொடுத்தது. 2024 ஜூலையில் நீதிமன்றம் பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. நிறுவனத்தின் இணையதளத்தில் வெளியிடப்பட்டிருந்த பாதுகாப்பு அறிக்கை தொடர்பானவை மட்டும் நின்றன. 2025-இல் ஆணையம் வழக்கையே கைவிட்டது. நடுவே கடந்த இரண்டு ஆண்டுகளை அந்த அதிகாரிக்கு யாரும் திருப்பித் தர முடியாது. விற்பனைப் பிரிவு எழுதும் “உலகத்தரம் வாய்ந்த பாதுகாப்பு” போன்ற வரிகளையும், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் கேள்வித்தாள் பதில்களையும் நீங்களே படித்து, உண்மைக்குப் பொருந்தாதவற்றை நீக்கச் சொல்ல வேண்டியது இதனால்தான்.

அறிவிப்புக் கெடுக்களை மனப்பாடமாக வைத்திருங்கள். ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தனிநபர் தரவுக் கசிவை அறிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் என்.ஐ.எஸ்.2 சைபர் பாதுகாப்பு விதிகளின் கீழ் வரும் நிறுவனங்கள் பெரிய சம்பவங்களில் 24 மணி நேரத்துக்குள் முன்னெச்சரிக்கை கொடுக்க வேண்டும். இந்தியாவில் சைபர் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் வெளியிட்ட உத்தரவு ஆறு மணி நேரம் என்கிறது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், ஒரு சம்பவம் முதலீட்டாளர்களுக்கு முக்கியமானது என்று தீர்மானித்த நாளிலிருந்து நான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பல நாடுகளில் இயங்கும் நிறுவனத்தில் இந்தக் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். எது எப்போது தொடங்கியது என்பதைச் சட்டத்துறையோடு சேர்ந்து முதல் மணி நேரத்திலேயே குறித்துவிடுங்கள்.

ஏழாம் படி: பதவியைத் தேடுவதும் ஏற்பதும்

பெரிய நிறுவனமொன்றில் துணைத் தலைமைப் பொறுப்பிலிருந்து உயர்வது ஒரு பாதை. வளரும் நிறுவனமொன்றில் முதல் பாதுகாப்புத் தலைவராகச் சேர்ந்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் ஊதியமும் ஆட்பலமும் குறைவாக இருக்கலாம். ஆனால் நிதி, சட்டம், விற்பனை, பொறியியல் என எல்லோரோடும் நேரடியாகப் பேசும் பழக்கம் அங்கே விரைவில் வரும்.

நேர்காணலில் அவர்கள் உங்களைச் சோதிக்கும் அதே நேரத்தில் நீங்களும் அவர்களைச் சோதிக்க வேண்டும். இந்தப் பதவி யாருக்குப் பதில் சொல்கிறது? இயக்குநர் குழுவை, தேவைப்பட்டால் தலைமை நிர்வாகி இல்லாமலேயே, சந்திக்க முடியுமா? முன்பு இருந்தவர் ஏன் போனார், அவரோடு பேசலாமா? கடைசியாக நடந்த ஊடுருவல் சோதனையின் அறிக்கையைக் காட்டுவார்களா, அதில் இன்னும் திறந்திருப்பவை எத்தனை? ஒரு வெளியீட்டைப் பாதுகாப்புக் காரணத்துக்காகக் கடைசியாக எப்போது நிறுத்தினார்கள்? கடைசிக் கேள்விக்கு யாருக்கும் பதில் நினைவில்லை என்றால், அந்த நிறுவனத்தில் பாதுகாப்பின் குரலுக்கு எவ்வளவு எடை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இயக்குநர்கள் மற்றும் அதிகாரிகளுக்கான பொறுப்புக் காப்பீட்டில் உங்கள் பதவியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதவிப் பெயரில் “தலைமை அதிகாரி” என்று இருந்தாலும், நிறுவனச் சட்டப்படி நீங்கள் அதிகாரியாகக் கருதப்படாமல் இருக்க வாய்ப்புண்டு. வழக்குச் செலவை நிறுவனம் ஏற்கும் உறுதி, நீங்கள் விலகிய பிறகும் அது நீடிக்கும் காலம் ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். இதைக் கேட்கத் தயங்குபவர்கள் பலர். நிதித் தலைவர் பதவிக்கு வருபவர் எவரும் இதைக் கேட்கத் தயங்குவதில்லை.

எட்டாம் படி: முதல் மூன்று மாதங்கள்

முதல் மாதம் கேட்பதற்கானது. பொறியியல் தலைவர்கள், வாடிக்கையாளர் சேவை, சட்டம், நிதி, மனிதவளம் என ஒவ்வொருவரிடமும் போய், எது உடைந்தால் நிறுவனம் நின்றுபோகும் என்று கேளுங்கள். வரும் பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. அந்தப் பொருந்தாமையே உங்களுடைய முதல் கண்டுபிடிப்பு.

கூடவே ஒரு சோதனை நடத்துங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற திறமூல நிரல்தொகுப்பில் லாக்4ஷெல் பலவீனம் வெளிவந்தபோது, உலகெங்கும் பாதுகாப்புத் தலைவர்கள் எதிர்கொண்ட முதல் கேள்வி, “அந்த நிரல்தொகுப்பு நம்மிடம் எங்கெல்லாம் இருக்கிறது?” என்பதுதான். பதில் சொல்ல சில நிறுவனங்களுக்குச் சில மணி நேரம் போதுமானதாக இருந்தது. சிலவற்றுக்கு வாரங்கள் ஆயின. பரவலாகப் பயன்படும் ஏதேனும் ஒரு திறமூல நிரல்தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, அது உங்கள் நிறுவனத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்துசேர ஆகும் நேரம், எந்த ஆலோசனை அறிக்கையையும்விடத் தெளிவாக நிலைமையைச் சொல்லிவிடும்.

இரண்டாம் மாதத்தில் அவசரமான சிலவற்றைச் சரிசெய்துவிடுங்கள்: நிர்வாகிக் கணக்குகளுக்கு ஃபிஷிங் தாக்குதலை (போலி மின்னஞ்சலும் போலித் தளமும் காட்டிக் கடவுச்சொல் பறிப்பதை) தாங்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, யாரும் பயன்படுத்தாத கணக்குகளை நீக்குதல், நகல்களைத் தனிமைப்படுத்துதல். 2021 மே மாதம் கொலோனியல் பைப்லைன் என்ற அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனம் தாக்கப்பட்டபோது, தாக்கியவர்கள் உள்ளே நுழைந்திருந்தது, வெளியிலிருந்து நிறுவன வலையமைப்பில் இணைய உதவும் விபிஎன் கணக்குகளில் புழக்கத்தில் இல்லாத ஒன்றின் கடவுச்சொல் வழியாகத்தான். அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருக்கவில்லை. மூன்றாம் மாத முடிவில், மேலே நாம் பார்த்த முறையில் எழுதப்பட்ட ஏழெட்டு இடர்களையும், ஈராண்டுத் திட்டம் ஒன்றையும் இயக்குநர் குழுவின் முன் வையுங்கள். ஐம்பது இடர்கள் வேண்டாம்.

பதவியில் இருக்கும் காலம்

தொழில்நுட்ப நிறுவனத்தின் சிஸோ மூன்று பக்கங்களைப் பார்த்து நிற்கிறார். உள்ளே ஊழியர்களையும் தரவையும் காக்க வேண்டும். விற்கும் மென்பொருளையும் அது உருவாகும் பாதையையும் காக்க வேண்டும். தங்கள் தரவை ஒப்படைத்த வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இவற்றில் இரண்டாவதுக்கே அதிகக் கவனம் தேவை என்பேன். நம் மென்பொருளில் நுழையும் தீநிரல் நம்மை நம்பியவர்கள் எல்லோர் வீட்டுக்குள்ளும் நுழைகிறது. யார் நிரலைக் கட்டமைக்கலாம், யார் கையொப்பமிடலாம், அந்தக் கையொப்பச் சாவி எங்கே இருக்கிறது என்ற கேள்விகளுக்கு எப்போதும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்புக்காக நாம் வாங்கும் கருவியே இடராகவும் மாறலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. தாக்கியவர் எவரும் இல்லை. இயங்குதளத்தின் ஆழத்தில் அனுமதி பெற்ற எந்தக் கருவியையும் ஒரே நேரத்தில் எல்லாக் கணினிகளிலும் புதுப்பிக்காமல், சிறு தொகுதிகளாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை விற்பனையாளரிடம் கேட்டுப் பெறுங்கள்.

பொறியாளர்களோடு உறவு எப்படி இருக்கிறது என்பதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு: தவறு செய்தவர் தாமாகவே வந்து சொல்கிறாரா? தவறுதலாக, அமைப்புக்குள் நுழைய உதவும் ரகசியச் சாவியைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்ட பொறியாளர் பத்து நிமிடத்தில் உங்கள் குழுவை அழைத்தால், சாவியை மாற்றிவிட்டு எல்லோரும் வேலையைத் தொடரலாம். தண்டனைக்குப் பயந்து அவர் மறைத்தால், அது ஒரு நாள் மற்றவர்கள் கையில் இருக்கும். முதலில் வந்து சொன்னவருக்குக் குழுவின் முன் நன்றி சொல்லுங்கள், அடுத்தவரும் வருவார்.

விலகும்போது

இந்தப் பதவியில் பலர் ஒரே நிறுவனத்தில் நெடுங்காலம் நீடிப்பதில்லை. அடுத்து, வேறு பெரிய நிறுவனத்துக்குப் போகலாம், பல சிறு நிறுவனங்களுக்குப் பகுதிநேரப் பாதுகாப்புத் தலைவராக இருக்கலாம், இயக்குநர் குழுக்களில் இடம்பெறலாம், பாதுகாப்புத் தொழில் ஒன்றைத் தொடங்கலாம், கற்பிக்கலாம்.

சொன்ன இடர்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்படாமல் போகின்றன என்றால், அல்லது உண்மையல்லாத ஒன்றில் கையெழுத்திடச் சொல்கிறார்கள் என்றால், விலகுவதற்கான நேரம் வந்துவிட்டது. மறுத்ததையும் காரணத்தையும் உரிய வழியில் எழுத்தில் தெரிவித்துவிட்டு, உங்கள் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு விலகுங்கள். நிறுவனத்தின் ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். இடர்ப் பதிவேட்டை, ஒவ்வொன்றிலும் எடுக்கப்பட்ட முடிவு, எடுத்தவர், தேதி ஆகியவற்றோடு முழுமையாக்கி, அடுத்து வருபவர் முதல் நாளிலேயே திறந்து படிக்கும்படி ஒப்படையுங்கள். திறந்திருக்கும் சம்பவங்கள், நெருங்கிவரும் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதிகள், உங்கள் பெயரில் இருக்கும் நிர்வாகி அனுமதிகள் ஆகியவற்றைத் தனிப் பட்டியலாக்குங்கள். கடைசி வேலை நாளின் மாலைக்குள் அந்த அனுமதிகள் நீக்கப்பட்டுவிட்டன என்பதை, உங்கள் குழுவில் ஒருவரைக் கொண்டு சரிபார்க்கச் செய்யுங்கள்.